கொடியில் ஓடும் இரத்தமும் நமது தவக்குலும்



மார்க்க விளக்கம் கேட்டு நம்மிடம் வருவோர் முன்பெல்லாம் நிகாஹ், தலாக், வாரிசுப் பங்கு ஆகியவற்றைப் பற்றியே அதிகம் கேட்பர். அண்மைக் காலமாக மருத்துவமனைத் தாள்களும் கையுமாக வருவோர் பெருகியுள்ளனர். “ஹஜ்ரத், கொடியில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதாம், உடனே சேர்க்கச் சொல்கிறார்கள். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டுக் காத்திருக்கலாமா?” என்பது அவற்றுள் அடிக்கடி எழும் வினா. கேட்பவர் பெரும்பாலும் கணவரோ மாமனாரோ ஆவார். வயிற்றில் சிசுவைச் சுமப்பவர் வாசலுக்கு வெளியே வாகனத்தில் அமர்ந்திருப்பார்.

இவ்வினாவுக்கு ஒற்றை வரியில் விடை கூறி அனுப்புவது எளிது. ஆயினும், அந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பது என்ன, அது எதை அறிவிக்கிறது, எதை அறிவிக்காது என்பதைக் குடும்பத்தார் விளங்கிக்கொள்ளாத வரை, மார்க்கத்தின் பெயரால் மார்க்கத்தில் இல்லாத தயக்கங்கள் எழுந்துகொண்டே இருக்கும். அத்தயக்கங்களுக்கு விலையாகச் சில வேளைகளில் ஓர் உயிரே போய்விடுகிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம். மருத்துவம் நமது துறையன்று. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் உறுதிசெய்துகொண்டவற்றை மட்டுமே இங்கு முன்வைக்கிறோம்.

கொடிக்குள் நடப்பது என்ன?

தொப்புள்கொடியில் மூன்று இரத்தக் குழாய்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று சிரை, இரண்டு தமனிகள். பிராணவாயுவும் ஊட்டமும் நிறைந்த இரத்தத்தை நஞ்சுக்கொடியிலிருந்து சிசுவுக்குக் கொண்டுவருவது சிரை. சிசு பயன்படுத்திய இரத்தத்தை மீண்டும் நஞ்சுக்கொடிக்கு எடுத்துச் செல்பவை தமனிகள். இம்மூன்றையும் வழுவழுப்பான பசை போன்ற ஒரு பொருள் சூழ்ந்து, முறுக்கினாலும் நெரிபடாதவாறு காக்கிறது.

தமனிகள் கொண்டுசெல்லும் இரத்தம் நஞ்சுக்கொடியை அடைந்ததும் மரத்தின் கிளைகளைப் போலப் பிரியும் நுண்குழாய்களில் பரவுகிறது. கர்ப்பம் வளர வளர இக்கிளைகளும் பெருகும். பெருகப் பெருக இரத்தம் தடையின்றி ஓடும். வயலில் வாய்க்கால்கள் அகலமாகவும் பலவாகவும் இருந்தால் மடையில் தண்ணீர் தேங்காது அல்லவா? அவ்வாறே சிசுவின் இதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும்போது மட்டுமின்றி, அது விரிந்து ஓய்வெடுக்கும் இடைவேளையிலும் இரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். நலமான நஞ்சுக்கொடியின் அடையாளம் இதுவே.

தாய்க்கு இரத்த அழுத்தம் கூடுதல் போன்ற காரணங்களால் நஞ்சுக்கொடி சரிவர அமையாவிடின், அந்நுண்குழாய்கள் குறைந்தும் அடைபட்டும் போகின்றன. தடை அதிகரிக்கிறது. இதயம் உந்தும் வேளையில் இரத்தம் போகும். ஓய்வு வேளையில் ஓட்டம் மெலியும். பாதிப்பு முற்றினால் ஓய்வு வேளையில் ஓட்டமே நின்றுவிடும். அதனினும் முற்றினால் அவ்வேளையில் இரத்தம் பின்னோக்கித் திரும்பும். ஓட்டம் மெலிதல், நிற்றல், திரும்புதல் என்னும் இம்மூன்று படிகளையே ஸ்கேன் அறிக்கைகள் பல சொற்களில் குறிப்பிடுகின்றன. நுண்குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கெட்ட பின்னரே அளவுகளில் மாற்றம் தெரியத் தொடங்கும் என்றும், ஓட்டம் நிற்கும் அல்லது திரும்பும் நிலைக்கு அவற்றில் பாதிக்கும் மேல் பழுதுபட்டிருக்கும் என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆகவே ‘ஓட்டம் நின்றிருக்கிறது’ என்பது ஒரு சிறு ஐயமன்று. நெடுநாளாக நடந்துவந்த ஒன்று வெளிப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

ஒலி அலை அறிவிக்கும் செய்தி

கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1842இல் பிராக் நகரில் இரட்டை விண்மீன்களின் ஒளியைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அலை நெருங்கும். விலகிச் சென்றால் அலை விரியும் என்பது அதன் சாரம். சைரன் ஒலித்தபடி 108 வண்டி நம்மை நெருங்கும்போது உச்சத்தில் கேட்கும் ஓசை, அது கடந்து சென்றதும் தாழ்ந்துவிடுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதே விதியின்படி, செவிக்கு எட்டாத ஒலி அலைகளைக் கொடியினுள் செலுத்தி, ஓடும் இரத்த அணுக்களிலிருந்து திரும்பும் அலையைக் கொண்டு ஓட்டத்தின் வேகத்தையும் திசையையும் கணிக்கின்றனர். கருவிலிருக்கும் சிசுவின் கொடியில் ஓடும் இரத்தத்தை இம்முறையால் அறியலாம் என்பதை 1977இல் அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர்கள் வெளியிட்டனர்.

அறிக்கையில் காணப்படும் எஸ்/டி விகிதம் என்பது உந்தும் வேளையின் வேகத்தை ஓய்வு வேளையின் வேகத்தால் வகுத்து வருவது. ஐந்தாம் மாதத்தில் 4-ஐ ஒட்டியிருக்கும் இவ்விகிதம், 30 வாரங்களைக் கடந்தபின் 3-க்குக் கீழிறங்கி, பிரசவ காலத்தில் 2-ஐ நெருங்கும். ஓய்வு வேளையின் ஓட்டம் நின்றுவிட்டால் வகுக்க எண்ணே இராது; ஆகவே பி.ஐ., ஆர்.ஐ. எனும் வேறு குறியீடுகளையும் தருகின்றனர். இவ்வெண்களைத் தனியே பார்த்துப் பயன் இல்லை. எத்தனை வாரக் கர்ப்பம் என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 22 வாரத்தில் இயல்பான எண் 34 வாரத்தில் எச்சரிக்கையாகும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்வது நலம். சிசு அசையும்போதும் மூச்சசைவு செய்யும்போதும் அளவு மாறும். கொடியின் எந்தப் பகுதியில் அளந்தனர் என்பதாலும் மாறும். எனவே ஒருமுறை சற்றுக் கூடிய எண்ணைக் கண்டு மருத்துவர் மறுபடியும் அளக்கச் சொன்னால், ‘பணம் பறிக்கிறார்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஐயம் உள்ளதை மறுமுறை உறுதிசெய்வது அமானிதத்தைப் பேணுவோரின் இயல்பு.

வீட்டில் வைத்துச் சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்கவென விற்கப்படும் சிறு கருவிகளும் டாப்ளர் என்றே அழைக்கப்படுகின்றன. அவை துடிப்பை மட்டுமே கேட்கச் செய்பவை. கொடியின் ஓட்டத்தை அளப்பவை அல்ல. துடிப்பு கேட்கிறது என்பதற்காகக் குழந்தை நலமாக உள்ளது என்று ஆறுதல் அடைவது ஆபத்தானது. தளர்ந்துபோன சிசுவின் இதயமும் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

யாருக்குப் பலன், யாருக்கு இல்லை?

இப்பரிசோதனையை மறுப்பதில் ஒரு தவறு உண்டென்றால், தேவையற்றோர்க்கும் அதைச் செய்துகொண்டே இருப்பதில் வேறொரு தவறு உண்டு. இரண்டையும் சேர்த்தே கூறுவது நீதியாகும்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பில், ஆபத்து மிகுந்த கர்ப்பமுடைய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இடம்பெற்றனர். டாப்ளர் செய்யப்பட்டோரிடையே சிசு மரணம் நூற்றுக்கு 1.2; செய்யப்படாதோரிடையே 1.7. ஏறத்தாழ இருநூறு தாய்மார்க்கு இப்பரிசோதனை செய்தால் ஒரு குழந்தையின் உயிர் காக்கப்படுகிறது என்று பொருள். பலர் எதிர்பாராத மற்றொரு முடிவும் அதில் உண்டு: டாப்ளர் செய்யப்பட்டோரிடையே சிசேரியன் குறைந்தே காணப்பட்டது. காரணம் தெளிவானது. எடை குறைந்த சிசுக்கள் அனைத்தும் நோயுற்றவை அல்ல. சிறிய உடலமைப்புள்ள பெற்றோரின் பிள்ளை சிறியதாக இருப்பது இயல்பே. கொடியின் ஓட்டம் நன்றாக இருப்பதைக் கண்டால் மருத்துவர் அவசரப்படாமல் காத்திருக்கிறார். ‘ஸ்கேனுக்குப் போனாலே அறுத்துவிடுவார்கள்’ என்ற பேச்சுக்கு இதுவே விடை.

அதே அமைப்பு 2015இல் வெளியிட்ட இன்னொரு தொகுப்பில், ஆபத்து ஏதுமில்லாத 14,000-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் ஆராயப்பட்டனர். அனைவருக்கும் வழக்கமாக டாப்ளர் செய்வதால் தாய்க்கோ சேய்க்கோ பலன் ஏற்பட்டதாக நிறுவப்படவில்லை. இருப்பினும், தென்னாப்பிரிக்காவில் ‘அம்பிஃப்ளோ’ என்னும் எளிய கருவியைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஆபத்தில்லை எனக் கருதப்பட்ட ஏழைத் தாய்மாரிடையேயும் ஓட்டம் நின்ற நிலை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் காணப்பட்டது. பின்னர் இந்தியா உள்ளிட்ட வேறு சில நாடுகளிலும் அக்கருவி ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. இவ்வினா இன்னும் முடிவுறவில்லை. நலமாக இருக்கும் தாய்க்கு ஒவ்வொரு வருகையிலும் டாப்ளர் எழுதப்பட்டால், காரணம் என்னவென்று பணிவுடன் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. முதல் மூன்று மாதங்களில் தக்க காரணமின்றி இதைச் செய்ய வேண்டாம் என்று மருத்துவ அமைப்புகளே அறிவுறுத்துகின்றன. ஒலி அலையின் ஆற்றல் இதில் கூடுதலாக ஒரே இடத்தில் குவிவதே காரணம்.

ஆயின் இரத்த அழுத்தம் உடையோர், சிறுநீரகக் கோளாறு உடையோர், நீண்ட நாள் நீரிழிவால் இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டோர், முன்னர் சிசுவை வயிற்றிலேயே இழந்தோர், ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரைச் சுமப்போர், வயிற்றின் வளர்ச்சி வாரத்துக்கேற்ப இல்லாதோர் ஆகியோரிடம் மருத்துவர் இப்பரிசோதனையைக் கேட்டால், அதை ஒத்திப்போட எவ்வித நியாயமும் இல்லை.

இப்பரிசோதனையின் எல்லையையும் மறைத்தல் கூடாது. கடைசி வாரங்களில் ஏற்படும் வளர்ச்சிக் குறைவில் கொடியின் அளவுகள் இயல்பாகவே இருந்துவிடலாம். ஆகவே சிசுவின் மூளைக்குச் செல்லும் தமனியையும் மருத்துவர்கள் அளக்கின்றனர். பிராணவாயு குறையும்போது மற்ற உறுப்புகளைச் சுருக்கி மூளைக்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்பும் ஏற்பாட்டைச் சிசுவின் உடலில் அல்லாஹ் அமைத்திருக்கிறான். நஞ்சுக்கொடி திடீரெனப் பிரிதல், கொடி சிக்குதல் போன்றவற்றை டாப்ளர் முன்கூட்டி அறிவிக்காது. எனவே நேற்று எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தாலும், இன்று குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தாய் உணர்ந்தால் இன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘நேற்றுத்தானே பார்த்தோம்’ என்று அவரை அமர்த்திவைப்பது பெரும் பிழை.

மறைவான ஞானமும் மருத்துவ அறிவும்

கர்ப்பவறைகளில் உள்ளவற்றை அல்லாஹ்வே அறிவான் என்னும் கருத்துடைய வசனத்தை (31:34) எடுத்துக்காட்டி, ‘அவன் ஒருவனே அறிந்ததை இயந்திரம் எப்படி அறியும்?’ என்று சிலர் வினவுகின்றனர். இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் இவ்வசனத்தின் விளக்கத்தில், படைக்க நாடியதை அல்லாஹ்வையன்றி எவரும் அறியார் என்றும், அவன் கட்டளையிட்டபின் அதற்கென நியமிக்கப்பட்ட வானவர்களும் அவன் நாடிய படைப்பினரும் அறிவர் என்றும் தெளிவுபடுத்தியுள்ளார்கள். எந்தக் கருவியும் எதன் துணையுமின்றி, முன்கூட்டியே, முழுமையாக அறிவதில்லை. அவன் படைத்த இரத்தத்தின் ஓட்டத்தை, அவன் ஏற்படுத்திய ஒலியின் விதியைக் கொண்டு, அவன் வழங்கிய அறிவால் மனிதன் ஒரு பகுதி மட்டும் அறிகிறான். அக்குழந்தையின் ஆயுளும் ரிஸ்க்கும் முடிவும் எந்த அறிக்கையிலும் எழுதப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறாக, டாப்ளரின் ஒவ்வொரு விவரத்தையும் ஏதேனுமோர் ஆயத்தோடு பொருத்தி, ‘இது முன்பே கூறப்பட்டுவிட்டது’ என்று பெருமை பேசும் போக்கையும் நாம் விரும்புவதில்லை. நாளை அளவுகள் மாறும்; கருவிகள் மாறும். இறைவேதம் மருத்துவ ஏட்டின் சான்றிதழை வேண்டி நிற்கவில்லை.

‘தவக்குல் வைத்தால் போதும்’ என்பது அடுத்த வாதம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு நம்பிக்கை வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டி, பின்னர் நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் உள்ளது. நம் மத்ரஸாக்களில் சிறு பிள்ளைகளும் அறிந்தது. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். கொடியில் ஓட்டம் நின்றது அவனது விதியெனில், அதை உரிய நேரத்தில் நமக்குக் காட்டிக்கொடுத்ததும் அவனது விதியே.

ஷரீஅத் கருவிலிருக்கும் சிசுவை எவ்வாறு கருதுகிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். தந்தை இறந்துவிட்டால், இன்னும் பிறவாத பிள்ளைக்கென வாரிசுப் பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. கருவுக்குத் தீங்கிழைத்தவன் மீது நஷ்டஈட்டை விதிக்கிறது. ரூஹ் ஊதப்படுவதாக ஹதீஸ் குறிப்பிடும் 120 நாட்கள், மருத்துவக் கணக்கில் சுமார் 19 வாரங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் டாப்ளர் முடிவுகள் அதற்குப் பிற்பட்ட காலத்துக்கு உரியவை. ஆக, அது முழு உயிரின் கண்ணியம் பெற்ற ஒரு மனிதப் பிறவி. அதன் பங்குச் சொத்தைக் காப்பதில் காட்டும் அக்கறையை அதன் மூச்சைக் காப்பதில் காட்டாதிருக்கலாமா?

ஆண் மருத்துவர் ஸ்கேன் செய்வது பற்றியும் கேட்கின்றனர். 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதற்கு வரிசை வகுத்துத் தந்துள்ளது: முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், அடுத்து முஸ்லிமல்லாத பெண் மருத்துவர், பின்னர் முஸ்லிம் ஆண் மருத்துவர், இறுதியில் முஸ்லிமல்லாத ஆண் மருத்துவர். தேவையான அளவுக்கு மட்டும் திறத்தலும், தனிமையைத் தவிர்த்தலும் நிபந்தனைகள். இன்று நம் நகரங்களில் பெண் ஸ்கேன் மருத்துவர்கள் பலர் உள்ளனர். நேரம் கேட்கும்போதே அவர்களைக் கோரிப் பெறலாம். கிடைக்காவிடின், அதைக் காரணமாக்கி அவசரப் பரிசோதனையைத் தவிர்ப்பது அனுமதியைத் தந்த ஷரீஅத்தைவிட நாம் பேணுதலானவர்கள் என்று காட்டிக்கொள்வதாகும்.

ஸ்கேன் அறையில் ஆணா பெண்ணா என்று கேட்பதை மட்டும் முற்றிலும் தவிர்த்துக்கொள்க. 1994ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் அதைத் தடுத்துள்ளது. பெண் மகவைப் பாரமாக எண்ணிய அறியாமைக் கால மனப்பான்மையை நம் மார்க்கம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டித்துவிட்டது.

எட்டாம் மாதம் பற்றிய அச்சம்

நம் குடும்பங்களில் பரிசோதனைக்கு எழும் எதிர்ப்பைவிட, அதன் முடிவைச் செயல்படுத்துவதற்கு எழும் எதிர்ப்பே வலுவானது. ‘ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது’ என்னும் நம்பிக்கை இன்றும் பாட்டிமார் வாயிலாகப் பரவிவருகிறது. பழங்கிரேக்க மருத்துவ நூல்களிலேயே காணப்படும் இக்கருத்துக்குக் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரம் கிடையாது. மருத்துவமும் இதைப் பொய்யென நிறுவிவிட்டது. ஒவ்வொரு வாரம் முதிரும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

இம்மூடநம்பிக்கை ஏன் கொடியது என்பதை எண்ணிப் பாருங்கள். தாய்-சிசு மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கம் 2020இல் வகுத்த நெறியின்படி, ஓட்டம் பின்னோக்கித் திரும்பினால் 30 முதல் 32 வாரத்திலும், நின்றுவிட்டால் 33 முதல் 34 வாரத்திலும், மெலிந்தால் 37 வாரத்திலும் பிரசவம் பரிந்துரைக்கப்படுகிறது. எட்டாம் மாதம் என்று நாம் அஞ்சும் வாரங்களே இவற்றுள் பெரும்பாலானவை. எப்போது வெளியே எடுத்தால் உயிர் தப்பும் என்று மருத்துவர் கூறுகிறாரோ, அப்போதே எடுக்கக் கூடாது என்று வீட்டார் தடுக்கின்றனர்.

எம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவரின் இல்லத்தில் இவ்வாறே நேர்ந்தது. தாய்க்கு இரத்த அழுத்தம், 33 வாரம், ஓட்டம் நின்றிருந்தது. ‘ஒன்பதாவது பிறக்கட்டும், அதுவரை ஓதி ஊதிய தண்ணீர் போதும்’ என்றார் மாமியார். “தண்ணீரை ஓதித் தருகிறோம் உம்மா. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே மருமகள் அதைக் குடிக்கட்டும்” என்று கூறினோம். அன்றிரவே சேர்த்தனர். நுரையீரல் முதிர்வதற்கான ஊசி போட்டு, இரண்டு நாட்களில் எடுத்தனர். எடை ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், வீடு திரும்பியது. எல்லா வீட்டுக்கும் இப்படியே முடியும் என்று நாம் உறுதி கூற இயலாது. முயற்சி நம் கடமை. முடிவு அவன் வசம்.

நுரையீரலுக்கான அவ்வூசியின் பலனை நியூசிலாந்து மருத்துவர்கள் இருவர் 1972இல் நிறுவினர். அது பலனளிக்கச் சற்றுக் கால அவகாசம் வேண்டும். குடும்பத்தார் கூடிப் பேசி வீணாக்கும் ஒன்றிரண்டு நாட்கள், அந்த அவகாசத்திலிருந்து பறிக்கப்படுகின்றன.

அறிக்கை வந்தவுடன் அறுவைதான் என்று எண்ணவும் வேண்டாம். 25, 26 வாரத்தில் இக்குறை தென்பட்டால் உடனே எடுப்பதும் ஆபத்து, விட்டுவைப்பதும் ஆபத்து. ஐரோப்பாவில் நடந்து 2003இல் வெளியான ‘கிரிட்’ ஆய்வில், மருத்துவர்களே ஐயுற்ற நிலையில் உடனே எடுத்த போது கருவில் மரணம் குறைந்தது. பிறந்தபின் மரணம் கூடியது. மொத்தத்தில் பெரும் வேறுபாடு தென்படவில்லை. பின்னர் வந்த ‘ட்ரஃபிள்’ ஆய்வு 503 தாய்மாரைக் கொண்டு, 32 வாரத்துக்கு முற்பட்ட நிலையில் சிசுவின் இதயத்துக்குச் செல்லும் நுண்சிரையின் ஓட்டத்தையும் இதயத் துடிப்பையும் கவனித்துக் காத்திருப்பது எவ்வாறு என்பதை ஆராய்ந்தது. எனவே ‘சேர்த்துவிடுங்கள்’ என்று மருத்துவர் கூறுவது பல வேளைகளில் நாள்தோறும் கண்காணிப்பதற்காகவே. காப்பாற்றும் நோக்கில் முன்கூட்டிப் பிரசவிக்கச் செய்வது கருக்கலைப்பு ஆகாது என்பதையும் தெளிவாகக் கூறிவிடுகிறோம்.

முடிவு யாருடையது?

வயிற்றில் சுமப்பவர் வாகனத்தில் அமர்ந்திருக்க, ஆண்கள் மட்டும் உள்ளே வந்து ஃபத்வா கேட்கும் வழக்கம் நமக்கு வருத்தமளிக்கிறது. 1992இல் ஜித்தாவில் கூடிய அதே ஃபிக்ஹ் அகாடமி, தகுதியுள்ள நோயாளியின் சொந்த அனுமதியே சிகிச்சைக்கு அடிப்படை என்றும், பொறுப்பாளரின் மறுப்பு அவருக்குக் கீழுள்ளவர்க்குத் தெளிவான தீங்கு விளைவித்தால் அம்மறுப்பு பொருட்படுத்தப்படாது என்றும் அறிவித்துள்ளது. பருவமடைந்த, அறிவுத்தெளிவுள்ள பெண் தன் உடலைப் பற்றிய முடிவில் முதல் உரிமை உடையவர். கணவரும் மாமியாரும் ஆலோசனைக்கு உரியவர்கள்; தடுப்பதற்கு உரியவர்கள் அல்லர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘நான் விடுமுறையில் வரும்வரை பொறுத்திரு’ என்று தொலைபேசியில் கூற வேண்டாம். கொடியில் ஓடும் இரத்தம் உங்கள் விமானச் சீட்டின் தேதியை அறியாது.

ரமளானைப் பற்றியும் ஒரு சொல். துருக்கியின் காஸியான்டெப் நகரிலிருந்து 2008இல் வெளியான ஆய்வில், நோன்பு நோற்ற ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கும் நோற்காதோருக்கும் இடையே கொடித் தமனியின் எஸ்/டி விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதைக் காட்டி, ஓட்டம் குறைந்த நிலையிலுள்ள சகோதரிகள் நோன்பு நோற்கத் துணிதல் கூடாது. அவ்வாய்வு ஆரோக்கியமானவர்களைப் பற்றியது. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட அனுமதி உண்டு என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. பின்னர் களாச் செய்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹப். சிசுவுக்காக மட்டும் அஞ்சி விட்டால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே.

ஜமாஅத்தின் கடமை

பொருள் வசதியற்ற சகோதரிகள் பலர் டாப்ளர் எழுதித் தரப்பட்டும் எடுக்காமல் இருந்துவிடுகின்றனர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. ஆயினும் அங்குச் சென்றுவரும் செலவும், உடன் செல்வதற்கு ஆளின்மையும் பெருந்தடைகள். மஹல்லா பைத்துல்மாலில் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்குவது இயலாத காரியம் அன்று. தகுதியுள்ள ஏழைச் சகோதரிக்கு ஜகாத்தை அவருடைய கையிலேயே உரிமையாக்கித் தந்துவிட்டால், அவர் அதைப் பரிசோதனைக்கோ பயணத்துக்கோ செலவிடலாம். பள்ளிவாசலுக்குக் குளிரூட்டும் கருவி வாங்கத் திரட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இமாம்கள் ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ பயானையேனும் இதற்கு ஒதுக்கலாம். பெண்கள் மத்ரஸாக்களில் சமூகத்தின் பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து, அசைவைக் கவனித்தல், இரத்த அழுத்தத்தின் அறிகுறிகள், எட்டாம் மாத அச்சம் ஆகியவை குறித்து ஒரு மணி நேரம் பேசச் செய்யலாம். சிசுவை இழந்த தாயிடம் ‘நீ கவனமாக இல்லை’ என்று கூறும் நாவுகளையும் நாம் அடக்க வேண்டும். எல்லாம் செய்தும் சில உயிர்கள் திரும்பிவிடும். பொறுமை கொண்ட பெற்றோருக்கு அக்குழந்தை மறுமையில் துணை நிற்கும் என்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட ஆறுதல்.

நம்மிடம் தாளோடு வருவோர்க்கு இனி நாம் கூறும் விடை இதுதான்: மருத்துவர் ‘இன்று’ என்றால் இன்றே செல்லுங்கள், துஆவை வழியில் கேளுங்கள். வல்ல அல்லாஹ் கர்ப்பிணிகளின் சுமையை இலேசாக்கி, கருவில் உள்ளவர்களை முழுமையான நலத்தோடு அவர்களின் மடியில் சேர்ப்பானாக. ஆமீன்.